ஹோட்டல் லாபி லவுஞ்சில் ஒரு கிளாஸ்: பயணத்தில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

லாபி லவுஞ்சில் மெனுவைத் திறந்ததும் பலருக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். வெளியே கடையில் இதே பீர் என்ன விலை என்று மனசு உடனே கணக்குப் போடும். அந்தக் கணக்கைப் போட்டால் மாலை முழுக்க வயிற்றெரிச்சலோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி நாற்காலிக்குப் போகிறது. நல்ல இருக்கை, குளிரூட்டிய கூடம், சுத்தமான கழிவறை, வைஃபை, எழுந்து போகச் சொல்லி யாரும் முறைக்காத ஒரு மணி நேரம், இவ்வளவும் அந்த விலைக்குள் இருக்கின்றன. கிளாஸில் வருவது இத்தனைக்கும் சேர்த்து வாங்கிய டிக்கெட்.

இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும். எந்த நேரத்துக்குப் போவது, எங்கே உட்காருவது, எதைக் கேட்பது, எத்தனையோடு நிறுத்துவது என எல்லாவற்றையும் ‘வாடகைக்கு எடுத்த ஒரு மணி நேரத்தை எப்படி நன்றாகச் செலவு செய்வது’ என்ற கோணத்தில் பார்க்கலாம். போதைதான் தேவை என்றால் அதற்கு இதைவிட மலிவான வழிகள் உண்டு. அவர்களுக்கு இந்த வழிகாட்டி அவ்வளவாகப் பயன்படாது.

எந்த லவுஞ்ச் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே ஹோட்டலில் மதுபானம் கிடைக்கும் இடங்கள் மூன்று நான்கு இருக்கும். ரிசப்ஷனுக்கு அருகே சோஃபாக்கள் போட்டிருப்பது லாபி லவுஞ்ச். காலையில் காபி, மதியம் டீயும் கேக்கும், சாயங்காலத்துக்கு மேல் மதுபானம் என்று நாள் முழுக்க ஓடும் இடம் அது. தனியாகக் கதவு வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, சத்தமாகப் பாட்டுப் போட்டிருந்தால் அது பார். மொட்டை மாடியில் இருந்தால் விலையும் மாடியேறியிருக்கும். மேல்தளங்களில் ஒன்றில் அறைச் சாவி அட்டையைக் காட்டி நுழைவது எக்ஸிகியூட்டிவ் லவுஞ்ச். குறிப்பிட்ட வகை அறை எடுத்தவர்களுக்கும், அந்த ஹோட்டல் குழுமத்தின் உயர்நிலை உறுப்பினர்களுக்கும் மட்டுமான இடம் அது. மாலையில் இரண்டு மணி நேரம்போல அங்கே மதுபானமும் கொறிக்க ஏதாவதும் இலவசமாக இருப்பதுண்டு. உங்கள் அறைக்கு அந்த உரிமை உண்டா என்று செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கேட்காமல் கீழே காசு கொடுத்துக் குடித்துவிட்டு மறுநாள் காலையில் தெரிந்துகொள்பவர்கள் நிறைய.

லாபி லவுஞ்சில் உட்கார அந்த ஹோட்டலில் தங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. இது பலருக்குத் தெரியாத சௌகரியம். நீங்கள் தங்குவது சின்ன விடுதியாக இருக்கட்டும், பக்கத்துத் தெருவிலிருக்கும் பெரிய ஹோட்டலின் லவுஞ்சுக்குள் தாராளமாக நுழையலாம். பெரும்பாலான ஹோட்டல்கள் வெளியாட்களை வரவேற்கவே செய்கின்றன. அறையைக் காலி செய்துவிட்டு ராத்திரி விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெட்டிகளை பெல் டெஸ்க்கில் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு உட்காரலாம்.

பாதுகாப்புக்காகவும் இந்த மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுபானத்தால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்துபோனார்கள். சுவையிலோ வாசனையிலோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண போதைபோலத் தொடங்கி, பல மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கல், கடும் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு என்று காட்டும். மறுநாள் கண் மங்கினால் அதை ஹேங்ஓவர் என்று விட்டுவிடக் கூடாது, நேராக மருத்துவமனைதான். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறந்து ஊற்றும் இடம், உரிமம் உள்ள இடம், இலவச ஷாட் என்று யாரும் நீட்டாத இடம் என்று தேடினால் ஆபத்து பெருமளவு குறைகிறது. நல்ல ஹோட்டலின் லவுஞ்ச் இந்த மூன்றிலும் பெரும்பாலும் தேறிவிடும்.

நாட்டின் சட்டத்தைப் பத்து நிமிடம் படியுங்கள்

ஹோட்டல் என்றால் எங்கும் மதுபானம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குவைத்தில் மதுபானத்துக்கு முழுத் தடை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் துபாய் ஹோட்டல்களில் தாராளமாகக் கிடைக்கும், பக்கத்திலேயே இருக்கும் ஷார்ஜாவில் கிடைக்காது. மாலத்தீவில் ரிசார்ட் தீவுகளில் உண்டு, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் இல்லை. இந்தியாவில் குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு நடப்பில் இருக்கிறது. தடை இல்லாத இடங்களிலும் தேர்தல் நாள், தேசிய விடுமுறை, மதத் திருநாள் என்று சில நாட்கள் பார் மூடியிருக்கும்.

வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். நிறைய நாடுகளில் 18, ஜப்பானில் 20, அமெரிக்காவில் 21. தலை நரைத்தவர்களிடம்கூட அடையாள அட்டை கேட்கும் ஊர்கள் உண்டு, கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் அறை லாக்கரில் இருந்தால் அதன் நகல் மட்டும் போதுமா என்று ரிசப்ஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் அன்று காபியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். ரத்தத்தில் அனுமதிக்கப்படும் அளவு இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம், ஐரோப்பாவின் பல நாடுகளில் 50, இந்தியாவிலும் ஜப்பானிலும் 30. சில நாடுகளில் பூஜ்யம். ஊருக்கு ஊர் இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, சாவியை அறையிலேயே வைத்துவிட்டு வருவது லேசான வேலை.

எந்த நேரத்துக்குப் போவது

லவுஞ்ச் நன்றாக இருக்கும் நேரம் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. டீ குடிக்க வந்த கூட்டம் கலைந்திருக்கும், இரவு உணவுக்கு முன்னால் கூடும் கூட்டம் இன்னும் வந்திருக்காது. பணியாளர்களுக்கும் உங்களோடு இரண்டு வார்த்தை பேச அவகாசம் இருக்கும். விலையைக் குறைத்து விற்கும் ஹேப்பி அவரும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும். எல்லா நாட்டிலும் அது இருக்காது, அயர்லாந்தில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற வகை ஹேப்பி அவரில் ஒரு சங்கடம் உண்டு: ஒரு கிளாஸ் குடிக்க வந்தவரை அது இரண்டு குடிக்க வைத்துவிடும். இரண்டாவதைக் கூட வந்தவருக்குக் கொடுக்க முடியுமா, இல்லை அதற்குப் பதில் ஒன்றை மட்டும் பாதி விலையில் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

விமானத்திலிருந்து இறங்கிய கையோடு உட்காருவதற்கு நான் ஆதரவில்லை. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதற்குச் சமம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். ஏற்கெனவே வறண்டு களைத்துத்தான் இறங்குகிறோம். மதுபானமோ, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரஸின் என்ற ஹார்மோனை அடக்கி, உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை வெளியே தள்ளும். முதலில் குளியல், அரை லிட்டர் தண்ணீர், வயிற்றுக்கு ஏதாவது. அப்புறம் கீழே வாருங்கள்.

ஜெட்லாக்குக்கு இரண்டு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. தூக்கம் சீக்கிரம் வரும். ஆனால் பின்னிரவில் மதுவின் விளைவு இறங்க இறங்க, கனவுத் தூக்கம் குலைந்து மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும். புதிய நேரத்துக்குப் பழக வேண்டிய உடம்புக்கு அந்த மூன்று மணி விழிப்புதான் பெரிய எதிரி. படுப்பதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே குடித்து முடித்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். சாயங்காலம் ஐந்து மணியை நான் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ன உடுத்திக்கொள்வது

சுத்தமான சட்டை, முழுக்கால்சட்டை, மூடிய காலணி. புடவையோ சுடிதாரோ எங்கும் செல்லும். அறையில் கொடுத்த வெள்ளைச் செருப்போடும் குளியல் அங்கியோடும் மட்டும் லாபிக்கு வராதீர்கள். கடற்கரை ரிசார்ட்டுகளில் அரைக்கால்சட்டைக்குப் பகலில் தடையிருக்காது, இரவில் தடுக்கலாம்.

எங்கே உட்காருவது

வாசலில் ஒரு நொடி நில்லுங்கள். உட்கார வைக்க ஆள் வருவார். வராவிட்டால் நீங்களாகவே போய் உட்காரலாம்.

தனியாக வந்திருந்தால் பார் கவுண்டர் ஸ்டூல்தான் என் தேர்வு. பார்டெண்டர் கண்ணெதிரே இருப்பார், ஊற்றுவதைப் பார்க்கலாம், பேச்சுத் துணையும் கிடைக்கும். பேச விருப்பமில்லை என்றால் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தால் போதும், நல்ல பார்டெண்டர் புரிந்துகொள்வார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுவரை முதுகில் வைத்து, வாசலும் ரிசப்ஷனும் தெரியும் சோஃபாவில் அமரலாம். லாபியில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பதுபோல ஒரு பொழுதுபோக்கு வேறில்லை. விமானத்தைத் தவறவிட்டவர், கல்யாணக் கூட்டம், முதல் தடவை வெளிநாடு வந்த குடும்பம் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பியானோ இருந்தால் அதற்கு மிக அருகே வேண்டாம், பேசுவது காதில் விழாது. ஏசி காற்று நேராக இறங்கும் இடமும் வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் வெயில் அடிக்கும் இடமும் எவை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரியும். மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மாறிவிட்டால் யாருக்கும் சிரமமில்லை.

வேலை விஷயமாக வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாநாடு நடக்கும் ஹோட்டலில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் போட்டி நிறுவனத்தின் ஆளாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. விலை, ஒப்பந்தம், ஆட்குறைப்பு போன்றவற்றை லாபியில் பேசாதீர்கள். மடிக்கணினித் திரையும் பின்னால் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

எதைக் கேட்பது

இந்த இடத்தில்தான் பணமும் தவறிப்போகும், அளவும் தவறிப்போகும். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி என்று பழகியவர்கள் வெளிநாட்டில் தடுமாறுவது இதில்தான். இங்கிலாந்தில் விஸ்கி, ஜின் போன்றவற்றின் ஒரு அளவு 25 அல்லது 35 மில்லி என்பது சட்டம். ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 30. அமெரிக்காவில் பொதுவாக ஒன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 44 மில்லி. அங்கே டபுள் என்று கேட்டால் கிட்டத்தட்ட 90 மில்லி வந்து நிற்கும். வைனிலும் இதே கதை. இங்கிலாந்தில் 125, 175, 250 என்று மூன்று அளவுகள். வெறும் ஒரு கிளாஸ் என்று சொன்னால் பெரியதைக் கொண்டுவரும் பணியாளர் உண்டு. 250 மில்லி என்பது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு.

கிளாஸின் உருவத்தை நம்பி போதையை அளக்கக் கூடாது. கிளாஸுக்குள் இருக்கும் சுத்த ஆல்கஹாலைக் கணக்கிட்டுப் பாருங்கள். 40 சதவீத விஸ்கி 30 மில்லியில் சுமார் 9.5 கிராம் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம். 150 மில்லி வைனில் 14, 15 கிராம். ஜின், கம்பாரி, வெர்மூத் மூன்றும் 30 மில்லி வீதம் கலக்கும் நெக்ரோனியில் 19 கிராம் போல வரும். குட்டிக் கிளாஸில் சாதுவாக வந்து நிற்கும் மார்ட்டினி பல இடங்களில் 25 கிராமைத் தொட்டுவிடும், அதாவது இரண்டரை ஸ்மால். லாங் ஐலண்ட் ஐஸ் டீயில் ஐந்து வகைச் சரக்கு இருக்கிறது, பேரில்தான் டீ. சராசரி ஆளின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். காபி குடித்தாலும், குளிர்ந்த நீரில் முகம் கழுவினாலும் அந்த வேகம் கூடாது.

ஒரு மணி நேரம் உட்காருவதுதான் நோக்கம் என்றால், நின்று நிதானமாகக் குடிக்கக்கூடியதைக் கேளுங்கள். உயரமான கிளாஸில் வரும் ஜின் டானிக், விஸ்கி சோடா, வைனில் சோடா கலந்த ஸ்பிரிட்ஸ், பீர் எல்லாம் இதற்கு ஏற்றவை. மார்ட்டினி மாதிரி ஐஸ் இல்லாமல் வருபவை பத்து நிமிடத்தில் சூடேறிச் சுவை கெட்டுவிடும் என்பதால் வேகமாகக் குடிக்க வைக்கும். நல்ல விஸ்கியை ராவாகக் குடிக்கிறவர்கள் பக்கத்தில் தண்ணீர் ஒரு கிளாஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிராண்ட். ஜின் டானிக் என்று மட்டும் சொன்னால் பணியாளர் இரண்டு மூன்று பெயர்களை அடுக்கி, ‘எது சார்?’ என்று கேட்பார். அடுக்கிய பெயர்கள் எல்லாமே மேல்விலையாக இருக்கும். ‘ஹவுஸ் பிராண்ட் எது?’ என்று திருப்பிக் கேளுங்கள், அந்த இடத்தில் வழக்கமாக ஊற்றும் மலிவான சரக்கு அது. மதுபானத்தைக் கலவையில்தான் குடிக்கப்போகிறீர்கள் என்றால் ஹவுஸ் பிராண்டே தாராளம். விலையுயர்ந்த விஸ்கியில் கோலா ஊற்றுவது காசைக் கரைப்பது. டானிக் வாட்டரைத் தனியாகப் பில் போடுவார்களா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது, சில இடங்களில் அப்படித்தான். மெனுவில் விலை போடாத எதையும் விலை கேட்காமல் வாங்காதீர்கள். விலை கேட்பதால் யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. நிறுவனச் செலவில் வந்தவர்களும் கேட்கத்தான் செய்கிறார்கள்.

கிளாஸ் கணக்கில் விற்கும் வைனைப் பற்றி ஒரு கேள்வி போதும்: பாட்டில் எப்போது திறந்தது? திறந்து மூன்று நாளுக்கு மேலான சிவப்பு வைன் புளித்துத் தட்டையாகியிருக்கும். பணியாளர் தடுமாறினால் பீருக்குப் போய்விடுங்கள்.

காக்டெய்ல் குடிப்பதானால் ஹோட்டல்தான் சரியான இடம் என்பேன். இந்தக் கலையின் நல்ல பகுதி ஹோட்டல்களில்தான் வளர்ந்தது. லண்டன் சவோய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தலைமைப் பார்டெண்டராக இருந்தவர் ஏடா கோல்மன் என்ற பெண். ஹேங்கி பேங்கி என்ற காக்டெய்ல் அவருடைய கைவண்ணம். சிங்கப்பூர் ஸ்லிங்கை 1915-இல் தன் பார்டெண்டர் ஙியம் தோங் பூன் உருவாக்கியதாக ராஃபிள்ஸ் ஹோட்டல் சொல்கிறது. பினா கொலாடாவை 1954-இல் உருவாக்கியது தாங்கள்தான் என்கிறது புவேர்ட்டோ ரிக்கோவின் கரீப் ஹில்டன், அந்த ஊரிலேயே அதற்கு வேறு சொந்தக்காரர்களும் உண்டு. இப்படி ஒரு கதை உள்ள ஹோட்டலுக்குப் போயிருந்தால் அதன் பெயர் பெற்ற கலவையை ஒரு தடவை குடித்துப் பார்க்கலாம். ஆனால் இவை பலவும் தித்திப்பானவை, இரண்டாவது கேட்கத் தோன்றாது. கதை இல்லாத ஹோட்டல்கள் தங்கள் சொந்தக் கலவைகளை அடுக்கும் ‘சிக்னேச்சர்’ பக்கத்தை நான் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். பழச்சாறும் சிரப்பும் புகையும் பூவுமாகத்தான் அங்கே இருக்கும்.

குடிக்காதவர்களுக்கு லவுஞ்சில் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். காபி, டீ, எலுமிச்சை சோடா எதைக் கேட்டாலும் அதே நாற்காலி, அதே மரியாதை. டானிக் வாட்டரில் ஐஸும் எலுமிச்சைத் துண்டும் போட்டு வாங்கிக்கொண்டால் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். மது இல்லாத பீரில் ஒன்றைக் கவனியுங்கள்: ‘0.0’ என்று அச்சிட்டதும் ‘ஆல்கஹால் ஃப்ரீ’ என்று அச்சிட்டதும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு. மதத்துக்காகவோ மருத்துவத்துக்காகவோ அறவே தவிர்ப்பவர்கள் லேபிளைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

மருந்தும் மதுவும்

பயணத்தில் எடுக்கும் மாத்திரைகள் பலவும் மதுவோடு ஒத்துப்போகாதவை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் சாப்பிடும்போதும், முடித்த பிறகு சில நாட்களுக்கும் குடிக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை. தூக்க மாத்திரை, பயண வாந்திக்கான மாத்திரை, சளிக்கு எடுக்கும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் எல்லாம் மதுவோடு சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும். தலைவலி வரும் என்று முன்கூட்டியே பாராசிட்டமால் விழுங்கிவிட்டுக் குடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, இரண்டும் போய் இறங்குவது கல்லீரலில்தான். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம்

முதல் கிளாஸோடு தண்ணீரையும் சேர்த்தே கேளுங்கள். குழாய்த் தண்ணீரா பாட்டில் தண்ணீரா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விலையுயர்ந்த பாட்டில் ஒன்றைத் திறந்துவிடுவார்கள். மேசைக்கு வரும் கடலை, ஆலிவ், சிப்ஸ் பெரும்பாலும் இலவசம். உப்பு கூடுதலாக இருக்கும், தாகம் எடுக்கும், அடுத்த கிளாஸ் கேட்கத் தோன்றும். அது தற்செயல் இல்லை. வெறும் வயிற்றில் வந்தவர்கள் அதை நம்பாமல் ஒரு சைட் டிஷ் வாங்கிக்கொள்ளுங்கள். மாவும் எண்ணெயும் உள்ள எதுவும் போதை ஏறும் வேகத்தைக் குறைக்கும்.

கிளாஸை விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் முடித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் மிச்சத்தை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாதவர் வாங்கித் தருவதைப் பணியாளர் கையிலிருந்து நேராக வாங்கினால் மட்டும் தொடுங்கள். வேண்டாம் என்பதற்கு ‘போதும், நன்றி, காலையில் விமானம்’ என்ற நான்கு சொற்கள் உலகம் முழுக்கச் செல்லும்.

அறை எண்ணை வாய்விட்டுச் சொல்வது இன்னொரு அஜாக்கிரதை. பணியாளர் கேட்டால் பில்லில் எழுதிக் காட்டுங்கள். எண் எழுதிய சாவி உறையை மேசைமேல் வைக்காதீர்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் சிலர் வந்ததுமே பார்டெண்டரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். யாராவது தொந்தரவு கொடுத்தால் கண் ஜாடை போதும் என்பது அதில் உள்ள வசதி. இங்கிலாந்தில் பல பார்களில் ‘ஏஞ்சலா இருக்கிறாரா?’ என்று கேட்டால் உதவி தேவை என்று பணியாளர் புரிந்துகொள்வார். 2016-இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஏற்பாடு அது. எங்கே இருந்தாலும், பின்தொடர்வதாகச் சந்தேகம் வந்தால் லிஃப்டுக்குப் போகாமல் ரிசப்ஷனுக்குப் போய் அறை வரை துணைக்கு ஆள் கேளுங்கள். பெரிய ஹோட்டல்கள் மறுப்பதில்லை.

எத்தனை என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இரண்டாவது வேண்டுமா என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். முதல் கிளாஸ் முடியும் நேரத்தில் முடிவெடுப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள். அந்த நாற்காலியில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசை என்றால் இரண்டாவது சுற்றுக்கு டீ சொல்லலாம்.

விருந்தாளியோடு உட்காரும்போது

வேறொருவருக்கு வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்து நிமிடம் முன்னதாக வந்து, பில் உங்கள் பேரில் என்று பணியாளரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். மேசையில் பில்லுக்குக் கைகள் மோதிக்கொள்ளும் காட்சி மிச்சமாகும். நீங்கள் முதலில் ஆர்டர் செய்யாதீர்கள். விருந்தாளி எலுமிச்சை சோடா கேட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது, ‘ஒரே ஒரு பெக்’ என்று வற்புறுத்தவும் கூடாது. மேலதிகாரி உங்களை அழைத்திருந்தால் அவர் நிறுத்தும் இடத்துக்கு ஒரு கிளாஸ் முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பில்

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருந்தால் இன்னும் இரண்டு தொகைகள் மேலே ஏறும் என்று அர்த்தம்: சேவைக் கட்டணம், வரி. சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால் 100 டாலருக்குச் சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 110 ஆகும். அந்த 110-க்கு 9 சதவீத வரி போட்டால் 119.90. சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கக் கட்டாயமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 18 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள், கவுண்டரில் நின்று வாங்கினால் கிளாஸுக்கு ஒன்றிரண்டு டாலர். ஜப்பானில் டிப்ஸ் வைத்தால் பின்னால் ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

கார்டு இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்திலா, உள்ளூர் நாணயத்திலா’ என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம். நம் நாணயத்தில் காட்டும் தொகை வசதியாகத் தெரியும், ஆனால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். பணியாளரே நமக்காக ஒரு பொத்தானை அழுத்திவிடுவதும் உண்டு, திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

தங்கியிருக்கும் ஹோட்டல் என்றால் ‘ரூம் பில்லில் போடுங்கள்’ என்று சொல்லிக் கையெழுத்திடலாம். சௌகரியம்தான். உறுப்பினர் புள்ளிகளும் சில குழுமங்களில் சேரும். ஆனால் நிறுவனம் அறை வாடகையைக் கட்டுகிறது என்றால் மதுபானத்தைத் தனியாகக் கட்டி முடித்துவிடுவது புத்திசாலித்தனம். மதுபானச் செலவை ஏற்காத நிறுவனங்கள் பல, அறை பில்லில் அந்த வரி ஏறிவிட்டால் கணக்குப் பிரிவில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் டிப்ஸ் கட்டத்தில் தொகையை எழுதுங்கள், அல்லது குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். வெற்றுக் கட்டத்தை விடாதீர்கள். நகலைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும், காகிதத்தைச் சுமக்க வேண்டாம்.

அறையைக் காலி செய்வதற்கு முந்தைய இரவே ரிசப்ஷனில் பில்லை அச்சிட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். லவுஞ்ச் பில் வேறு அறைக்குப் போயிருப்பதும், வேறு அறையுடையது உங்கள் கணக்கில் ஏறியிருப்பதும் அடிக்கடி நடப்பவை. கையெழுத்திட்ட சீட்டைக் காட்டச் சொன்னால் அங்கேயே தெளிவாகிவிடும். காலையில் வரிசையில் நின்றுகொண்டு, டாக்ஸி வாசலில் காத்திருக்கும்போது இதைச் சரிசெய்ய முடியாது. செக்-இன் செய்தபோது கார்டில் முன்பணமாக முடக்கிவைத்த தொகை பில்லைக் கட்டியவுடன் திரும்பி வந்துவிடாது. வங்கியைப் பொறுத்துச் சில நாட்கள் பிடிக்கும். டெபிட் கார்டு கொடுத்திருந்தால் அந்த நாட்களுக்கு அந்தப் பணம் கையில் இருக்காது என்பதால், செக்-இன் செய்யும்போதே கிரெடிட் கார்டைக் கொடுத்துவிடுவது நல்லது.